‘அநியாயத் தீர்ப்பு’ என்று எழுதும் முன்: குத்துச்சண்டை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரசிகர்களே,

வணக்கம். ஒலிம்பிக்கோ ஆசிய விளையாட்டோ உலக சாம்பியன்ஷிப்போ, நம் நாட்டு பாக்ஸர் ரிங்கில் ஏறுகிறார் என்றால் நள்ளிரவானாலும் அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறீர்கள். அந்தப் பற்று எங்களுக்குப் பெரிய விஷயம். பயிற்சி தருகிறவர்கள், கார்னரில் நிற்கிறவர்கள், ரிங் ஓரம் உட்கார்ந்து புள்ளி போடுகிறவர்கள் என்று இந்த விளையாட்டிலேயே கிடக்கும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நம்மவர் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்தையும் ‘மோசடி’ என்று எழுதாதீர்கள். குத்துச்சண்டையில் உண்மையாகவே மோசடி நடந்திருக்கிறது, இனியும் நடக்கும். அன்றைக்கு நாம் போடும் சத்தத்துக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், மற்ற நாட்களில் எதிராளியின் குத்தையும் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 ஜூலை 29-ஐ எடுத்துக்கொள்வோம். டோக்கியோ ஒலிம்பிக், 51 கிலோ பிரிவு, கடைசி 16 பேர் சுற்று. மேரி கோமும் கொலம்பியாவின் இங்க்ரிட் வலென்சியாவும் மோதினார்கள். 2019 உலக சாம்பியன்ஷிப்பில் வலென்சியாவைத் தோற்கடித்தவர் மேரி என்பதால் எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். முடிவு 3-2, வலென்சியாவுக்கு. முதல் ரவுண்டு 4-1 என்று வலென்சியா பக்கம் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் 3-2 என்று மேரிக்கு. ‘மூன்றில் இரண்டு ரவுண்டு ஜெயித்தவர் எப்படித் தோற்பார்?’ என்று நாடே கேட்டது. தான் வென்றுவிட்டதாகவே மேரியும் முதலில் நினைத்திருந்தார்.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரவுண்டு ரவுண்டாக யார் ஜெயித்தார் என்று கூட்டி முடிவு சொல்வதில்லை. ஐந்து ஜட்ஜுகளும் தனித்தனியாகப் புள்ளி போடுகிறார்கள். ஒவ்வொருவரின் மூன்று ரவுண்டு மொத்தமும் தனித்தனியாகக் கூட்டப்படுகிறது. அதிக ஜட்ஜுகளின் மொத்தத்தில் யார் முன்னால் இருக்கிறாரோ அவர் வெற்றியாளர். ஐந்து ஜட்ஜு, மூன்று ரவுண்டு, ஆக 15 தீர்ப்புகள். வலென்சியாவுக்கு 4+2+2, அதாவது 8. மேரிக்கு 1+3+3, அதாவது 7. ஒரு ஜட்ஜின் தாளில் ஜெயிக்க இரண்டு ரவுண்டு வேண்டும். மேரியின் 7-இல் ஆறு, மூன்று ஜட்ஜுகளிடம் இரண்டிரண்டாக விழுந்திருந்தால் அவர் வென்றிருப்பார். அப்படி விழவில்லை. முதல் ரவுண்டை விட்டுக்கொடுத்ததற்கான விலை அது. மேரியின் கார்னரில் நின்றவர்களுக்கு அது கசப்பான தோல்விதான், ஆனாலும் விதிப்படி வந்த தோல்வி. இதே கணக்கை மாற்றிப் போட்டு நம்மவர் ஜெயித்த ஆட்டங்களும் இருக்கின்றன. அப்போது யாரும் தாளைக் கையில் எடுப்பதில்லை.

ஒலிம்பிக்கில் ஆடப்படும் அமெச்சூர் குத்துச்சண்டையில் ஒரு குத்து எப்போது கணக்கில் சேரும் என்று தெரிந்துகொண்டாலே பாதி சண்டை தீர்ந்துவிடும். கிளவுஸின் முட்டிப் பக்கம், கை மூடிய நிலையில், முகத்தின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ, அல்லது பெல்ட்டுக்கு மேலே உடலின் முன்புறத்திலோ விலாவிலோ, தடுப்பில் படாமல் விழ வேண்டும். தோளின் எடை பின்னால் இருக்க வேண்டும். உள்ளங்கைப் பக்கத்தால் அறைவது, தோளிலும் முழங்கையிலும் படுவது, பின்னந்தலையில் விழுவது, கட்டிப்பிடித்த நிலையில் தட்டுவது எதற்கும் மதிப்பில்லை. ஜட்ஜு முதலில் பார்ப்பது இப்படித் தரமாக விழுந்த குத்துகளின் எண்ணிக்கை. அடுத்து, ஆட்டத்தை யார் தன் நுட்பத்தாலும் உத்தியாலும் ஆண்டார் என்பது. பிறகு போட்டியிடும் முனைப்பு. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9, ஒருதலையாக இருந்தால் 8, முழுக்க அடிவாங்கினால் 7. சமம் என்று போட அனுமதி கிடையாது. நூலிழை வித்தியாசமானாலும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை: ரெஃப்ரி முறைப்படி வார்னிங் கொடுத்தால் ஒரு புள்ளி போய்விடும். நெருக்கமான ஆட்டத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போகும் பழக்கம் ஒன்றே தோற்கடித்துவிடும்.

தொழில்முறை ஆட்டம் வேறு. அங்கே மூன்று ஜட்ஜுகள், பட்டப் போட்டி என்றால் 12 ரவுண்டு, ஒருமுறை கீழே விழுந்தால் அந்த ரவுண்டு வழக்கமாக 10-8. அமெச்சூரில் கீழே தள்ளியதற்கு என்று தனிப்புள்ளி இல்லை. எட்டு எண்ணிக்கை (பலமாக அடிவாங்கியவருக்காக ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி எட்டு வரை எண்ணுவது) வாங்கியவர் அதே ரவுண்டை ஜெயிக்கவும் முடியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘நம்ம ஆள் ஒரு கவுன்ட் கொடுத்தாரே’ என்று கோபப்படுகிறவர்கள் ஏராளம்.

கண் எங்கே ஏமாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மவரின் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் வீசிய ஐந்து குத்தும் தெரியும், நடுவே அவர் வாங்கிய இரண்டு ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) தெரியாது. தடுப்பில் பட்ட ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) ‘பட்’டென்று சத்தம் எழுப்பும். விலாவில் சுத்தமாக இறங்கிய குத்தோ பெரும்பாலும் ஓசையே இல்லாமல் இறங்கும். முன்னேறிக்கொண்டே இருப்பவர் ஆதிக்கம் செலுத்துவதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு அடி முன்னே வைக்கும்போதும் ஒரு குத்து வாங்குகிறார் என்றால் ரவுண்டு பின்னால் நகர்கிறவருக்குத்தான். கடைசி அரை நிமிடத்தில் நம்மவர் பொழிந்தால் முந்தைய இரண்டரை நிமிடம் நினைவிலிருந்து அழிந்துவிடுகிறது. ரவுண்டு இடைவேளையில் காட்டும் ஸ்லோமோஷன் எல்லாக் குத்துகளையும் காட்டுவதில்லை, அழகாக விழுந்தவற்றை மட்டும் காட்டும். நம் நாட்டு வர்ணனையாளரும் நம்மைப்போல ஒரு ரசிகர்தான்.

அதனால் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். டிவியின் சத்தத்தை முழுக்க நிறுத்துங்கள். சிவப்பு, நீலம் என்று இரண்டு பத்தி. பெயர் எழுத வேண்டாம், நாடும் எழுத வேண்டாம். பார்வை எந்த ஒருவர் மீதும் நிற்காமல், இருவருக்கும் நடுவே நெஞ்சு உயரத்தில் நிற்கட்டும். அப்போதுதான் நான்கு கிளவுஸும் கண்ணுக்குள் வரும். தெளிவாக விழுந்த குத்துக்கு ஒரு கோடு. தலை பின்னால் போகும்படியோ கால் தடுமாறும்படியோ விழுந்ததற்கு ஒரு பெருக்கல் குறி. படவில்லையோ என்று சந்தேகம் வந்தால் போடாதீர்கள். மணி அடித்த பத்து நொடிக்குள் 10-9 யாருக்கு என்று எழுதி முடித்துவிடுங்கள். போன ரவுண்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ‘அவருக்கு ஒன்று கொடுத்தாயிற்று, இது இவருக்கு’ என்று சமன் செய்வதுதான் புதிதாகப் புள்ளி போடுகிறவர்கள் எல்லோரும் விழும் குழி. ஆட்டம் முடிந்த பிறகு உங்கள் தாளை ஐந்து ஜட்ஜுகளின் தாளோடு ஒப்பிடுங்கள். முதல் சில ஆட்டங்களில் நம்மவருக்கு நீங்களே ஒரு ரவுண்டு கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். இந்தியர் இல்லாத ஆட்டங்களில் பழகினால் கை சீக்கிரம் படியும். கசகஸ்தான் வீரருக்கும் கியூபா வீரருக்கும் நடக்கும் மூன்று ரவுண்டுக்குப் புள்ளி போட்டுப் பழகியவர், நம்மவர் ஆட்டத்தைப் பார்க்கும்போது வேறு ஆளாக இருப்பார்.

கூட்டத்தின் பற்று ஜட்ஜின் பேனா வரைக்கும் போகும் என்பது வெறும் புலம்பல் கிடையாது. ஐரோப்பிய சாம்பியன் பட்டப் போட்டிகளை நீண்ட காலத்துக்கு எடுத்து அலசிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. சம பலம் கொண்ட இருவர் மோதினால், நாக்அவுட்டில் முடியும் ஆட்டங்களில் சொந்த மண்ணின் வீரர் ஜெயிக்கும் வாய்ப்பு 57 சதவீதம். ரெஃப்ரி இடையில் நிறுத்தி முடியும் ஆட்டங்களில் 66. புள்ளிகளில் முடிந்தால் 74. மனிதர் தீர்மானிக்க வேண்டியது கூடக்கூட உள்ளூர்க்காரரின் பங்கு கூடுகிறது. லஞ்சம் வாங்காத ஜட்ஜும் இதற்குள் வருவார். ஆயிரம் பேர் ஒன்றாக ‘ஓ’ என்று எழும்போது, தடுப்பில் பட்ட குத்துகூடப் பட்டதுபோல் ஆகிவிடுகிறது. அயல் மண்ணில் நம்மவர் ஆடும்போது இது நமக்கு எதிராக வேலை செய்கிறது. டெல்லியில் உலக சாம்பியன்ஷிப் நடந்தால் நமக்கு ஆதரவாக வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்லப் பழக வேண்டும்.

உண்மையான அநியாயம் எப்படி இருக்கும் என்பதற்கு 1988 சியோல் ஒலிம்பிக்கைப் பாருங்கள். 71 கிலோ இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ், சொந்த மண்ணின் பார்க் சி-ஹுன். அமெரிக்கத் தொலைக்காட்சி எண்ணியபடி ஜோன்ஸின் குத்துகள் 86 விழுந்தன, பார்க்கின் குத்துகள் 32. மூன்று ஜட்ஜுகள் பார்க்குக்குக் கொடுத்தார்கள், இரண்டு பேர் ஜோன்ஸுக்கு. தங்கம் கொரியாவுக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த பாக்ஸருக்கான வால் பார்க்கர் கோப்பையோ தோற்ற ஜோன்ஸுக்குத் தரப்பட்டது. கையில் எண்ணிக்கை இருந்ததால்தான் அந்தக் குரல் நிலைத்தது. அதன் விளைவாகத்தான் 1992 பார்சிலோனாவில் கம்ப்யூட்டர் முறை வந்தது. ஐந்தில் மூன்று ஜட்ஜுகள் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. அந்த மருந்துக்கும் பக்கவிளைவு இருந்தது. உடம்பில் விழும் குத்தும், நெருக்கத்தில் தொடர்ந்து போடும் குத்துகளும் பொத்தான் வேகத்துக்குள் வரவில்லை. தூர நின்று ஒற்றை ஒற்றையாகத் தொட்டு ஓடுகிறவர்கள் ஜெயித்தார்கள். 2013-இல் அதை விட்டுவிட்டு 10 புள்ளி முறைக்கு வந்தார்கள்.

அந்தத் தங்கத்தின் இன்னொரு பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். பார்க் யாரையும் ஏமாற்றவில்லை, அவர் ரிங்கில் ஆடினார், அவ்வளவுதான். தன் நாட்டுக்காக மற்றவர்கள் செய்துகொடுத்த வெற்றியை அவர் ஆயுள் முழுக்கச் சுமந்தார். 2023-இல் அமெரிக்காவுக்குப் போய், ஜோன்ஸின் வீட்டிலேயே அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். 2025-இல் அந்தக் காணொளி வெளியானது. தகுதியில்லாத வெற்றியை நம் பாக்ஸருக்கு வாங்கிக்கொடுக்க ஆசைப்படுகிற ரசிகர், அவரை எந்த இடத்தில் கொண்டு நிறுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

நமக்கே அப்படி ஒன்று நேர்ந்தது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு, 60 கிலோ அரையிறுதி. சரிதா தேவி கொரியாவின் பார்க் ஜி-நாவிடம் மூன்று ஜட்ஜுகளின் கணக்கில் 0-3 என்று தோற்றதாக அறிவித்தார்கள். பதக்க மேடையில் தன் வெண்கலத்தை பார்க்கின் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார் சரிதா. ஓராண்டுத் தடை வந்தது. ஜட்ஜுகளின் தீர்ப்பின் மீது முறையீடே செய்ய முடியாது என்பதுதான் அன்றைய விதி. அந்த விதியை மாற்றச் சொல்லி அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் விடாமல் கேட்டிருக்க வேண்டியவர்கள் ரசிகர்கள். நாலு நாள் கொதித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். இதில் எங்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.

ஜட்ஜின் பாஸ்போர்ட்டைத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு சேதி. 1999 மார்ச் 13, நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டன், ஹெவிவெயிட் பட்டம். பிரிட்டனின் லெனாக்ஸ் லூயிஸ், அமெரிக்காவின் இவாண்டர் ஹோலிஃபீல்ட். குத்து எண்ணிக்கையில் லூயிஸ் 348, ஹோலிஃபீல்ட் 130. முடிவு டிரா. அமெரிக்க ஜட்ஜு 115-113 என்று ஹோலிஃபீல்டுக்குப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். லூயிஸுக்குப் 116-113 போட்டவர் தென்னாப்பிரிக்கர். 115-115 என்று சமம் போட்டு, லூயிஸின் வெற்றியைப் பறித்தது பிரிட்டிஷ் ஜட்ஜு! நாட்டை வைத்துக் கணித்திருந்தால் இந்தத் தாள் வந்தே இருக்காது. அமெரிக்க ஜட்ஜின் தாளைக் குடைந்தெடுத்தது ஐந்தாவது ரவுண்டு. லூயிஸ் 43 குத்து இறக்கிய, ஹோலிஃபீல்ட் 11 மட்டுமே இறக்கிய அந்த மூன்று நிமிடத்தை அவர் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார். எந்த ரவுண்டு, எத்தனை குத்து என்று விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் விசாரணைகள் நடந்தன, அதே நவம்பரில் மறு ஆட்டமும் நடந்தது. லூயிஸ் மூன்று தாளிலும் ஜெயித்தார்.

அந்த லூயிஸ் யாருடைய ஆள் என்பதே ஒரு கேள்விதான். லண்டனில் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். 12 வயதில் கனடா போனார். சியோலில் அமெரிக்காவின் ரிடிக் போவை இரண்டாவது ரவுண்டில் நிறுத்தி கனடாவுக்குத் தங்கம் வாங்கினார். தொழில்முறைக்கு வந்ததும் பிரிட்டிஷ் வீரர் ஆனார். 1993-இல் கார்டிஃபில் இன்னொரு பிரிட்டிஷ் வீரரான ஃபிராங்க் புருனோவோடு மோதியபோது பிரிட்டிஷ் கூட்டம் பெரும்பாலும் புருனோவின் பக்கம் நின்றது. அமெரிக்காவின் ஆஸ்கர் டி லா ஹோயாவுக்கும் இதே கதி. மெக்சிகப் பெற்றோருக்குப் பிறந்து கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்தவர். 1992-இல் தங்கம் வென்றதும் ரிங்கில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் ஏந்தினார். 1996-இல் மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸை எதிர்த்து நின்றபோது, மெக்சிக ரத்தம் கொண்ட ரசிகர்களில் பெரும்பாலோர் சாவேஸ் பக்கம் போய்விட்டார்கள். கொடி மட்டுமே போதும் என்றால் இவர்கள் யாருக்குக் கைதட்டுவது?

வட சென்னைக்கு இது புதிதில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று ஆர்ப்பரித்த ஊர் அது. அங்கே பற்று என்பது வாத்தியாரைப் பொறுத்தது, அவர் சொல்லிக்கொடுத்த அடிமுறையைப் பொறுத்தது. அதே தெருக்களில்தான் முகமது அலி குலசாமிபோலக் கொண்டாடப்பட்டார். 1980-இல் அவர் சென்னைக்கு வந்து அமெரிக்க வீரர் ஜிம்மி எல்லிஸோடு நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். அன்றைக்குத் திரண்டவர்கள் யாரும் அவருடைய பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. கால் நகர்வையும் ஜாபையும் பார்க்க வந்தார்கள். நாட்டுப்பற்றோடு இந்த ரசனையும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

இரண்டு பக்கமும் இந்தியராக இருந்தால் என்ன செய்வீர்கள்? 2019 டிசம்பரில் டெல்லியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கான தேர்வு ஆட்டத்தில் மேரி கோமும் நிகத் ஜரீனும் 51 கிலோவில் மோதினார்கள். நியாயமான தேர்வு ஆட்டம் வேண்டும் என்று நிகத் விளையாட்டுத்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கிய ஆட்டம் அது. மேரி தெளிவாக வென்றார். ஆட்டத்தைவிட, கேட்டது சரியா தவறா என்றுதான் சண்டை போட்டோம். அதே நிகத் 2022-இல் இஸ்தான்புல்லிலும் 2023-இல் டெல்லியிலும் உலக சாம்பியன் ஆனார். மூத்தவருக்கு மரியாதை கொடுப்பது வேறு, அணியில் இடத்துக்கு ஆட்டம் வைத்துத் தேர்ந்தெடுப்பது வேறு. நாட்டுக்கு விசுவாசம் என்றால் இரண்டாவதைக் கேட்பதுதான் விசுவாசம்.

எனவே யாரை ஆதரிப்பது என்று கேட்டால், எங்கள் யோசனை: ஒரு எடைப்பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு ஏழு என்று மொத்தம் 13 பிரிவுகள் இருந்தன. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒலிம்பிக் முதல் ஒலிம்பிக் வரை நான்கு ஆண்டு தொடருங்கள். உதாரணத்துக்குப் பெண்கள் 57 கிலோ. 2025 செப்டம்பரில் லிவர்பூலில் ஜாஸ்மின் லம்போரியா அந்தப் பிரிவில் உலக சாம்பியன் ஆனார். இறுதியில் அவர் வென்றது போலந்தின் யூலியா ஷெரெமெட்டாவை, அவர் பாரிஸில் வெள்ளி வாங்கியவர். ஷெரெமெட்டா கைகளைக் கீழே தொங்கவிட்டு ஆடுவார், எதிராளியை இழுத்து விட்டுத் திருப்பிக் குத்துவார். அவருடைய ஆட்டத்தை முன்பே பார்த்திருந்தால்தான் உயரமான ஜாஸ்மின் தூரத்தைப் பிடித்துக்கொண்டு நேர்க் குத்துகளால் அதை உடைத்தது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். அதே தொடரில் 48 கிலோவில் மீனாட்சியும் தங்கம் வாங்கினார். இந்த இரண்டு ஆட்டங்களையும் முழுதாகப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எதிராளியைத் தெரியாதவருக்கு நம்மவரின் வெற்றியும் முழுதாகத் தெரியாது.

தீர்ப்பு தவறு என்று மனதாரத் தோன்றினால் எழுதுங்கள், ஆனால் இப்படி எழுதுங்கள்: எந்த ரவுண்டு, எத்தனையாவது நிமிடம், எந்தக் குத்து விடுபட்டது, எத்தனையாவது ஜட்ஜு, எந்த அளவுகோலின்படி தவறு. முழு ரவுண்டின் காணொளியை இணையுங்கள். பத்து நொடித் துண்டை எவரும் எந்தப் பக்கத்துக்கும் வெட்டிக்கொள்ளலாம். 3-2 முடிவுகளில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டு எழுதினால், 5-0 அநியாயத்தைப் பற்றி நீங்கள் எழுதும்போது படிப்பார்கள். ஜெயித்த வெளிநாட்டு வீரரின் பக்கத்தில் போய்த் திட்டுவதை அறவே விடுங்கள். அவர் புள்ளி போடவில்லை. நம்மவர் அடுத்த முறை அவரோடுதான் ஒரே பயிற்சி முகாமில் ஸ்பாரிங் (பயிற்சிக்காக மோதிப் பார்ப்பது) செய்ய வேண்டும்.

கடைசியாக, மாநில, மாவட்டப் போட்டிகளுக்கு வாருங்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. காலையில் எடை பார்ப்பார்கள், மதியத்துக்குள் ஆட்டம் தொடங்கிவிடும். ரிங்கின் மூலைக்கு நேராக உட்காராதீர்கள், கம்பம் மறைக்கும். ஒரு பக்கத்தின் நடுவில், கயிற்றுக்குச் சற்று மேலான உயரத்தில் இடம் பிடியுங்கள். ஒரு பக்கத்தில் உட்கார்ந்து மூன்று ஆட்டத்துக்குப் புள்ளி போடுங்கள். அடுத்த மூன்றுக்கு எதிர்ப்பக்கம் மாறுங்கள். முதுகு காட்டி நிற்கும் வீரர் வாங்கும் குத்து உங்களுக்கு எவ்வளவு மறைகிறது என்று அப்போது தெரியும். ஐந்து ஜட்ஜுகளைச் சுற்றிலும் பிரித்து உட்காரவைப்பது எதற்காக என்றும் விளங்கும். நோட்டு தீர்ந்துவிட்டால் ரிங் ஓரம் வந்து கேளுங்கள், எங்களிடம் வெற்றுத்தாள் இருக்கும்.

இப்படிக்கு,
பயிற்சியாளர்களும் ரிங் ஓரத்தில் புள்ளி போடுபவர்களும்